பக்கத்து நாற்காலிக்காரர்

அல்வாலில் அந்தத் தெருவுக்கு மஞ்சீரா ஆற்றுக் குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வரும் நாளில் நாராயணஸ்வாமி வீட்டில் வேறெந்தக் காரியமும் நடக்காது. ராணுவத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் ஸ்டோர்ஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு அவரிடம் மிஞ்சிய ஒரே அதிகாரம் மோட்டார் சுவிட்ச். அதை மனைவி கல்பகம்கூடத் தொடக் கூடாது. தொட்டி ஒரு சொட்டு வழிந்தாலும் தன் சொத்தே வழிந்து போவதுபோல மாடிக்கு ஓடுவார்.

அப்பேர்ப்பட்டவரின் தொட்டி, சிவராத்திரி கழிந்த கையோடு, காரணம் தெரியாமல் காலியாக ஆரம்பித்தது. விடியற்காலையில் கழுத்துவரை நிரப்பினால் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது குழாய் இருமியது. மனிதருக்குத் தூக்கம் போயிற்று. முதல் சந்தேகம் மாடியில் குடியிருந்த பத்ரியின்மேல் விழுந்தது. பத்ரி கணினிக் கம்பெனிப் பையன். போன வாரம்தான் புதிதாக ஒரு துணி துவைக்கும் மெஷின் வாங்கியிருந்தான். நாராயணஸ்வாமி மேலே போய், தண்ணீரின் அருமை பற்றி நின்றபடியே ஒரு பிரசங்கம் செய்தார். பத்ரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"அங்கிள், மெஷின் இன்னும் அட்டைப் பெட்டியிலதான் இருக்கு. மாட்டறதுக்கு கம்பெனி ஆள் வரவே இல்ல."

பெட்டியைத் திறந்தே காட்டிவிட்டான். நாராயணஸ்வாமி அசட்டுச் சிரிப்புடன் இறங்கி வந்தார். அடுத்து பிளம்பர் வந்தார். தொட்டி மிதவை மாற்றினார், குழாய் மூட்டுகளையெல்லாம் தடவிப் பார்த்தார், சுவரில் காது வைத்தார். எங்கும் ஒழுகல் இல்லை, வீட்டில் யாரோ தண்ணீரைச் செலவழிக்கிறார்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்? இவரும் கல்பகமும்தான். மகள் ஸ்ரேயா புனேயில். கல்பகமோ ஒரு செம்புத் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் கைகாரி. ஆனால் இப்போதெல்லாம் குளியலறைக்குப் போனால் குழாயை முழுக்கத் திறந்து விட்டுவிடுகிறாள். அதற்காக அவர் இரண்டு மூன்று தடவை கதவுக்கு வெளியே நின்று கத்தியும் இருக்கிறார். "குழாயை மூடேன், கல்பகம். ஆறா ஓடறது?" உள்ளேயிருந்து பதில் வராது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

கல்பகத்துக்கு உடம்பு சரியில்லாதது ஊருக்கே தெரியும். பெருங்குடலில் புற்று. அறுத்து எடுத்தார்கள், அது முடிந்து நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் ஈரலில் தலைகாட்டிவிட்டது. முதலிலேயே தெரிந்திருக்க வேண்டிய நோய் இது. மாதக்கணக்கில் ரத்தம் போயிருக்கிறது; அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தாள். ஊரின் மறுகோடியில், உப்பல் என்ற இடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், தாலி கட்டும் நேரத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கல்யாணமான நாளிலிருந்து வயிற்றுக்குக் கீழே நடப்பதைப் பற்றி அவள் கணவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமலிருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவள். அவரும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பது மரியாதை என்று வளர்ந்தவர்.

ஈரலில் வந்தபோது டாக்டர் ஹர்ஷிதாவிடம் போனார்கள். தெலுங்குப் பெண், சென்னையில் படித்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார். அறுத்தெடுத்த கட்டியின் துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவில் எம்.எஸ்.ஐ. ஹை என்று வந்திருந்தது. ஹை என்றதும் நாராயணஸ்வாமி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். சர்க்கரை ஹை, ரத்த அழுத்தம் ஹை என்றெல்லாம் கேட்டுப் பழகியவர் வேறு எப்படி நினைப்பார்?

"பயப்படாதீங்க சார், இதுல ஹை நல்ல செய்தி," என்றார் டாக்டர். "அம்மா, உங்க வீட்டுக்குப் போற வழியில ஆர்மி கேட் இருக்குல்ல? பாஸ் காட்டினா விடறாங்க. நம்ம உடம்புலயும் சிப்பாய்ங்க சுத்திட்டே இருக்காங்க. நம்ம செல் அவங்களுக்கு ஒரு பாஸ் காட்டும், நான் வீட்டு ஆள், விடுன்னு. இந்தக் கேன்சர் அதே பாஸை போலியா அடிச்சு வெச்சிருக்கு. இப்பப் போடப்போற ஊசி என்ன பண்ணும்னா, அந்தப் பாஸைச் செல்லாம ஆக்கிடும். அப்புறம் சிப்பாய்ங்க சும்மா விட மாட்டாங்க. உங்களுக்கு வந்திருக்கற மாதிரி மார்க்கர் இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு இந்த ஊசி கேக்குது. கேட்டவங்கள்ல வருஷக்கணக்கா நல்லா இருக்கறவங்க இருக்காங்க. எல்லாருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

பிறகு கல்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "ஒரே ஒரு தொந்தரவு. பாஸ் யாருக்குமே செல்லலைன்னா, சிப்பாய் சில சமயம் வீட்டு ஆளையும் அடிச்சிடுவான். குடலை அடிச்சா வயித்துப்போக்கு வரும். வந்தா அன்னிக்கே போன் பண்ணிடணும். வெக்கப்படக் கூடாது. சரியா?"

கல்பகம் தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. தீபாவளி சமயத்தில் எடுத்த ஸ்கேனில் ஈரலில் இருந்ததெல்லாம் சுருங்கிப் பாதிக்கும் கீழே போயிருந்தது. அன்றைக்கு நாராயணஸ்வாமி ஆட்டோக்காரருக்குக்கூட மைசூர்பாகு கொடுத்தார். கல்பகத்துக்கு முகத்தில் பழைய களை வந்தது. இன்னும் பத்து வருஷம் இருப்பேன் போலிருக்கிறதே என்று ஸ்ரேயாவிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பத்து வருஷத்தைத்தான் இப்போது குழாய்ச் சத்தத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தாள். அது அவருக்குத் தெரியவில்லை.

பிளம்பர் போன மறுநாள், சாப்பாட்டுக்குப் பிறகு, நாராயணஸ்வாமி தன் சொந்த மூளையில் ஒரு சோதனை கண்டுபிடித்தார். மாடிக்குப் போய்க் கீழ் வீட்டுக்கு இறங்கும் குழாயின் வால்வை மூடிவிடுவது. ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டியைப் பார்ப்பது. மட்டம் இறங்கியிருந்தால் ஒழுகல், இறங்காவிட்டால் செலவு. கெட்டிக்காரத்தனம்தான். மூடிவிட்டுப் படியிறங்கிக் கூடத்துக்கு வந்தார்.

குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மெல்ல மெலிந்து, சொட்டி, நின்றது.

அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தைத்தான் அவள் இத்தனை நாளும் தண்ணீரால் மூடி வைத்திருந்தாள். வயிறு முழுக்க நீராகக் கழன்று கொட்டும் சத்தம். நடுவில், பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிய முனகல். நாராயணஸ்வாமி கூடத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு எல்லாமே ஒரே நேரத்தில் புரிந்தது. தொட்டி புரிந்தது, மூன்று வாரமாக மோர் சாதம் மட்டுமே அவள் சாப்பிட்டது புரிந்தது, புடவை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டது புரிந்தது.

"ஏன்னா," என்று உள்ளேயிருந்து சன்னமாகக் குரல் வந்தது. "தண்ணி நின்னுடுத்து."

அந்தக் குரலில் இருந்த அவமானத்தை அவரால் தாங்க முடியவில்லை. ஓடினார். முட்டி வலியெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வால்வைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்து, கதவருகில் நின்று, மரக்கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"வந்துடுத்தா?"

"வந்துடுத்து."

"கல்பகம், எத்தனை நாளா?"

வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகு அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. பத்ரியைக் கூப்பிட்டு, அவன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டர் ஹர்ஷிதா கோபித்துக்கொள்ளவில்லை; கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது. கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடல் உள்ளே முழுக்கப் புண்ணாகியிருந்தது. சிப்பாய்கள் வீட்டு ஆளை அடித்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் குடல் ஓட்டையாகி உயிருக்கே உலை வைத்திருக்கும். ஸ்டீராய்டு ஏற்றினார்கள். நாலைந்து நாளில் போக்கு மட்டுப்பட்டதும், அதையே மாத்திரையாக்கி மெல்லக் குறைக்கச் சொன்னார்கள். பிறகு டாக்டர் கட்டிலருகில் உட்கார்ந்து, அந்த ஊசி இனிமேல் வேண்டாம் என்றார்.

"நிறுத்தினதால இதுவரைக்கும் நடந்த நல்லது போயிடாதும்மா. சிப்பாய்ங்களுக்கு ஆள் அடையாளம் தெரிஞ்சு போச்சு. ஊசி இல்லாமலே அவங்க வேலையப் பாக்கலாம். அப்படி நல்லா இருக்கறவங்க நிறைய பேர். ஒரு மாசம் கழிச்சு ஸ்கேன் பாக்கலாம்."

கல்பகம் தலையாட்டினாள். டாக்டர் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"ஏன்டி சொல்லல?" என்றார் நாராயணஸ்வாமி. கோபமாகக் கேட்கத்தான் நினைத்தார். குரல் கெஞ்சலாக வந்தது.

"சொன்னா ஊசிய நிறுத்திடுவா."

"நிறுத்தினா என்ன? வேற மருந்து குடுப்பா."

"சூசைராஜுக்கு நிறுத்தினாளே," என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே. "போன ஆடியில. அவருக்கும் இதே வயித்துப்போக்குதான். அதுக்கப்புறம் அவர் நாற்காலிக்கு வரவே இல்ல."

சூசைராஜை நாராயணஸ்வாமிக்கு லிஃப்ட் வாசலில் வணக்கம் சொல்லும் அளவுக்குத்தான் தெரியும். ஊசி போடும் கூடத்துக்குள் துணைக்கு வந்தவர்களை விடமாட்டார்கள். உள்ளே சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். கல்பகத்துக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. திருமுல்கேரிக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். ராணுவ ஒர்க்ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவர். நாக்கில் எதுவும் ருசிக்கவில்லை என்று அவர் சொன்னதற்காக, கல்பகம் ஒவ்வொரு தடவையும் மாதுளை முத்து போட்ட தயிர்சாதம் ஒரு டப்பா கூடுதலாக எடுத்துப் போவாள். அவர் நர்ஸ்களைக் கேலி செய்து இவளைச் சிரிக்க வைப்பார். ஊசி இறங்கும் நேரம் முழுக்கச் சிரித்துவிட்டு வந்த நாட்கள் உண்டு.

அந்தக் கூடத்தில் யாரும் யாரைப் பற்றியும் விசாரிப்பதில்லை. நாற்காலி காலியானால் எல்லோரும் ஒரே மாதிரிதான் நினைத்துக்கொள்வார்கள். கல்பகமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். ஊசியை நிறுத்தினால் ஆள் போய்விடுவான் என்பது அவளுக்குக் கண்ணால் கண்ட உண்மை ஆகிவிட்டது. டாக்டர் படித்ததைச் சொல்கிறார். இவள் பார்த்ததை நம்பினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு வயிறு தேறியது. ஆள் தேறவில்லை. அழுது புலம்பியிருந்தால்கூட நாராயணஸ்வாமிக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் சிரித்த முகமாக, ரொம்ப அமைதியாக இருந்தாள். கண்ணாடியின் பவர் மாறிப் பேப்பர் எழுத்து தெரியவில்லை என்றாள், புதுக் கண்ணாடி போடலாம் வா என்று கூப்பிட்டால், "புதுசு எதுக்கு? இருக்கறதே போறும்" என்றாள். ஸ்கேன் தேதி வந்தபோது வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"தெரிஞ்ச விஷயத்தை எதுக்கு போட்டோ வேற எடுக்கணும்?"

"உனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்று மடித்த துணியை மறுபடி மடித்தாள்.

ஸ்கேன் எடுத்தால்தான் அடுத்தது என்ன என்று டாக்டரால் சொல்ல முடியும். எடுக்காவிட்டால், உள்ளே மறுபடி வளர்ந்தாலும் தெரியாது. வளராவிட்டாலும் இவள் நம்பப் போவதில்லை. சோறு ஒரு கரண்டி என்றிருந்தது அரைக் கரண்டியாயிற்று. நோய் கொண்டுபோகும் முன் இவள் தானாகவே போய்விடுவாள் என்று நாராயணஸ்வாமிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாற்பது வருஷம் ஸ்டோர்ஸில் ஒரு திருகாணி தொலைந்ததில்லை. பெண்டாட்டி கண்ணெதிரே தொலைந்துகொண்டிருந்தாள்.

தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்தார். சூசைராஜ் என்று ஒருத்தர் வந்துகொண்டிருந்தாரே, அவர் இருக்கிறாரா, இல்லையா, அதை மட்டும் சொன்னால் போதும் என்றார்.

"இன்னொரு பேஷன்டைப் பத்தி நான் சொல்லக் கூடாது சார்," என்றார் ஹர்ஷிதா. "உங்களைப் பத்தி இன்னொருத்தர் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை நாராயணஸ்வாமி டாக்டரின் முகத்தில் படித்த விதம் வேறு. செத்துப்போய்விட்டார், அதனால்தான் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று முடிவு கட்டினார். இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காய்கறி வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு, ஆட்டோ ஏறித் திருமுல்கேரிக்குப் புறப்பட்டார். ராணுவ கேட் ஒன்றை மூடி வைத்திருந்ததால் ஆட்டோ ஊரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அந்தச் சுற்றுவழி முழுக்க அவர் ஒரு பொய்யை ஒத்திகை பார்த்தார். சூசைராஜ் வேலூரில் மகள் வீட்டில் இருக்கார், நன்னா இருக்கார், உன்னை ரொம்ப விசாரிச்சார். பொய் சொன்னால் அவருக்குக் காதுமடல் சிவந்துவிடும். கல்பகம் கல்யாணமான வாரமே அதைக் கண்டுபிடித்தவள். அதனால் இதை முகத்துக்கு நேரே சொல்லாமல், காய்கறிப் பையைப் பிரித்துக்கொண்டே சொல்வது என்று தீர்மானித்தார்.

பூசை முடிந்து மாதா கோவிலிலிருந்து ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. ஒர்க்ஷாப் சூசைராஜ் வீடு எது என்று கேட்டார். பின் சந்தில் பச்சை கேட் என்றார்கள். அவர் இருந்த வீடு என்றோ, போய்விட்டார் என்றோ யாரும் சொல்லவில்லை; கேட்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

பச்சை கேட்டுக்குள் ஒரு பழைய ஸ்கூட்டர் அக்கக்காகக் கழன்று கிடந்தது. நடுவில் பனியனோடு ஒருவர் குந்தி உட்கார்ந்து, கிரீஸ் கையால் எதையோ திருகிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். முன்பைவிட நன்றாகச் சதை போட்டிருந்தார். சூசைராஜேதான்.

நாராயணஸ்வாமிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் சூசைராஜ் எழுந்துவிட்டார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக அருகில் வந்தார். அவர் முகம் விழுந்துபோயிருந்தது. நாராயணஸ்வாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சார், என்ன சொல்றதுன்னே தெரியல. நம்பர் இல்ல, வீடு தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன். தங்கமான மனுஷி சார் அந்தம்மா. அந்தத் தயிர்சாதத்துலதான் நான் பொழைச்சேன்."

நாராயணஸ்வாமி கைகளை உருவிக்கொண்டார். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கல்பகம் ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதற்குள் என்ன ஆயிற்று? சூசைராஜுக்கு எப்படித் தெரிந்தது? அப்புறம்தான் விஷயம் மெல்ல உறைத்தது.

"சூசைராஜ், கல்பகம் ஆத்துலதான் இருக்கா. கீரை ஆஞ்சிண்டிருக்கா."

சூசைராஜ் அப்படியே ஸ்கூட்டரின் கழற்றி வைத்த சீட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

நடந்தது இதுதான். அவருக்கு ஊசி நிறுத்தினார்கள். வயிறு தேறியது. ஸ்கேனில் கட்டி சுருங்கினபடியே அடங்கிக் கிடந்தது, இன்றுவரை அப்படியே. சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு மட்டும் போவார். ஐப்பசியில் ஒருநாள் போனபோது, கல்பகம்மாவைப் பார்த்து நல்ல சேதி சொல்லலாமென்று கூடத்துக் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். அவள் நாற்காலியில் வேறு யாரோ. நர்ஸைக் கேட்டால், அந்தம்மா இப்ப வரதில்லை என்று சொல்லிவிட்டு அவசரமாக ஓடிவிட்டாள். கல்பகத்தின் முறையைச் செவ்வாயிலிருந்து வெள்ளிக்கு மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கூடத்து வழக்கப்படி அவரும் ஒன்றே ஒன்றுதான் நினைத்தார்.

"ஒரு தப்பு பண்ணிட்டேன் சார்," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "நவம்பர்ல கல்லறைத் திருநாள் வருதுல்ல. செத்தவங்களுக்கெல்லாம் பூசை. எங்க அப்பா, அம்மா, என் வூட்டுக்காரி பேரோட அந்தம்மா பேரையும் எழுதிக் குடுத்துட்டேன். சாமியார் வாசிச்சாரு."

உயிரோடிருப்பவளுக்கு இப்படியா என்று நாராயணஸ்வாமியின் மனம் ஒரு பக்கம் முரண்டு பிடித்தது. எதிரே உட்கார்ந்திருந்த மனிதரின் ஈரமான கண்களைப் பார்த்ததும் அது அடங்கியது.

"அவகிட்ட அதை மட்டும் சொல்ல வேண்டாம்," என்றார்.

"நக்கோ சார், வேணவே வேணாம். அதைப் போய்ச் சொல்வேனா?"

அதே ஆட்டோவில் இருவரும் அல்வாலுக்கு வந்தார்கள். சூசைராஜ் வெள்ளைச் சட்டை மாட்டித் தலை வாரிக்கொண்டு வந்திருந்தார். கல்பகம் கதவைத் திறந்தாள். கண்ணாடியில் சரியாகத் தெரியாததால் முகத்தைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சூசைராஜா?"

"ஆமாம்மா."

அவள் கையை நீட்டி அவர் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தாள். அந்நிய ஆணை அவள் அதற்கு முன் தொட்டதில்லை. துணிக்குள் கை இருக்கிறதா என்று பார்ப்பவள்போல அழுத்தினாள். அப்புறம் உள்ளே போய் மூன்று தம்ளரில் காபி கொண்டுவந்தாள்.

"ஊசி?" என்று கேட்டாள், உட்கார்ந்ததும்.

"போன ஜூலையோட சரிம்மா. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. இதோ பாருங்க, தொப்பைதான் வளருது, கட்டி வளரல. எல்லாருக்கும் இப்படியான்னு எனக்குத் தெரியாது. எனக்கு இப்படி."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாராயணஸ்வாமி காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார், காதுமடல் தகித்தது. அது அவள் கண்ணில் படாமலிருக்குமா?

"ரெண்டு பேரும் என்னமோ மறைக்கறேள்."

"ஒண்ணும் இல்லையே," என்றார் நாராயணஸ்வாமி.

"நான் உங்களைச் செத்துப் போயிட்டேள்னு நெனச்சேன், சூசைராஜ். நீங்களும் என்னை அப்படித்தான் நெனச்சேளா?"

ஒர்க்ஷாப்பில் எத்தனையோ ராணுவ லாரிகளைப் பிரித்துப் பூட்டிய மனிதர், இந்த ஒரு கேள்வியில் கழன்றுபோனார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கல்லறைத் திருநாள், பேர் எழுதிக் கொடுத்தது, சாமியார் வாசித்தது. சொல்லிவிட்டு, மன்னிச்சிருங்கம்மா என்று கையைக் கூப்பினார்.

கல்பகம் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"என் பேரை வாசிச்சாரா?"

"ஆமாம்மா. கல்பகம்னு. எங்க ஆளுங்களுக்குப் புதுப் பேரு, அதனால கொஞ்சம் நிறுத்தி வாசிச்சாரு."

"கோவில்ல எத்தனை பேர் இருந்தா?"

"அன்னிக்கு நிக்க எடம் இருக்காதும்மா. கல்லறையெல்லாம் மெழுகுவத்தி. அத்தனை பேரும் முழங்கால் போட்டு வேண்டினாங்க. உங்களுக்கும் சேத்துத்தான்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னைக் கண்ணால பாத்திராதவா," என்றாள். "நான் இங்க தீபாவளி லேகியம் கிளறின கையோட, ஸ்கேன் நன்னா வந்துடுத்துன்னு குதிச்சிண்டிருந்தேன். அங்க எனக்காக இத்தனை பேர் மண்டி போட்டிருக்கா." மேலே பேச முடியாமல் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நாராயணஸ்வாமி பதறிப்போய் எழுந்தார். பக்கத்தில் போனபிறகுதான், அவள் பாதி சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. மாதக்கணக்காயிற்று அவள் இப்படிச் சிரித்து. அவருக்கு அந்தச் சத்தம் மட்டும் போதுமாயிருந்தது. ஸ்கேனைப் பற்றிய நினைப்பே அப்போது இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். சூசைராஜைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது. சொல்ல வந்து நிறுத்தினாள். கழுத்துவரை சிவந்தது. நாராயணஸ்வாமிக்கு அந்தச் சிவப்பு தெரியும். அதற்குப் பிறகு எப்போதும் மௌனம்தான் வரும்.

"ஏன்னா," என்றாள். வார்த்தை தெளிவாகவே வந்தது. "நேத்திலேருந்து எனக்கு மறுபடி வயித்தால போறது. கார்த்தாலேருந்து ரெண்டு தடவை ஆயிடுத்து. மாத்திரையக் குறைச்சதாலயோ என்னமோ. டாக்டருக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுங்கோ."

சூசைராஜ் காபியை உறிஞ்சிக்கொண்டே, "ஆமாம்மா, எனக்கும் அப்படித்தான் வந்துச்சு, ஒடனே சொல்லிட்டா ஈஸியாப் போயிடும்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

நாராயணஸ்வாமி போனை எடுத்தார். மறுமுனையில் டாக்டர் ஹர்ஷிதா எடுத்ததும், "டாக்டர், என் ஒய்ஃபுக்கு ரெண்டு தடவை லூஸா போயிருக்கு" என்றார். "அவளே சொன்னா" என்று அடுத்ததையும் சொல்ல வந்தார். போனைக் காதோடு வைத்தபடி கல்பகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் ஹலோ ஹலோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.